கீழ்ப்பிடி

படிக்கட்டில் பீரோ இறங்கும்போது அதைப் பிடித்திருக்கிற இருவரும் சமம் என்று நினைப்பவர்கள் வாழ்நாளில் ஒரு பீரோவையும் தொட்டிருக்க மாட்டார்கள். மேலே நிற்பவன் பிடித்துக்கொண்டு வருகிறான். கீழே நிற்பவன்தான் சுமக்கிறான். சாமான் சாய்ந்த மறுகணமே பாரம் முழுவதும் வழுக்கிக்கொண்டு கீழே இருப்பவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடும். அவன் பின்புறமாக இறங்குகிறான். கண்ணுக்கு முன்னால் பீரோவைத் தவிர ஒன்றும் தெரியாது. குதிகாலால் படியைத் துழாவிக்கொண்டே போக வேண்டும். அதனால்தான் வீடு மாற்றும் தொழிலில் பேச்சு கீழ்ப்பிடிக்காரனுடையது. அவன் "வா" என்றால் மேல்பிடிக்காரன் ஒரு படி வர வேண்டும். "வை" என்றால் அந்த இடத்திலேயே வைக்க வேண்டும். அவன் சொல்லாதவரை மேலே இருப்பவன் விடக் கூடாது, கை பிய்ந்துபோனாலும்.

ஜாக்கி மீசை அரும்பிய வயதிலிருந்தே கீழ்ப்பிடி. படிக்கட்டு திரும்புகிற தளங்களில் தவிர, நடுப்படியில் அவர் "வை" என்று சொன்னதே கிடையாது. ஒரு முறை சாமான் வண்டி பஞ்சராகி நடுத்தெருவில் நின்றபோது, ஜாக்கியை எடுத்துவர மறந்துபோன டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். இவர் அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, வண்டியின் பின்பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து, கீழே செங்கல் அடுக்கும் வரை தூக்கி நின்றார். அன்று வந்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

உடம்பின்மேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. மழையோ குளிரோ, சட்டைக் கையை மேலே மேலே மடித்து, தோள் தெரிகிற வரைக்கும் ஏற்றிவிட்டுத்தான் தெருவில் இறங்குவார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்பதுகூட நாலு பேர் பார்க்க வேண்டும் என்கிற நிற்பாக இருக்கும். எத்தனையோ வீட்டுப் பாரத்தை இறக்கியவர், தம் தலைக்கனத்தை மட்டும் எந்த மாடியிலிருந்தும் இறக்கவில்லை.

மேல்பிடி மச்சினனுடையது. மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அக்கா வீட்டில் வந்து குப்புறப் படுத்துக் கிடந்தவனை எழுப்பி இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் நிறுத்தியவர் ஜாக்கிதான். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்துவிட்டது. இன்னமும் மேல்பிடிதான். அவனுக்கு அதில் மனக்குறை ஒன்றுமில்லை. மாமா குரல் கொடுப்பார், அவன் கால் வைப்பான். கண்ணை மூடிக்கொண்டு இறங்கச் சொன்னாலும் இறங்குவான்.

கோளாறு சிறுநீரில் ஆரம்பித்தது. போவார், வராது; வந்தால் நிற்காது. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். ரத்தம் எடுத்தார்கள், ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள், ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து அவரை உட்காரவைத்துப் பேசியவர், அவருக்கு மகள் வயதில் இருந்த ஒரு பெண் டாக்டர். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். சுரப்பியைத் தாண்டி இடுப்பெலும்பில் ஓரிடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

"இது ஆண் ஹார்மோனைத் தின்னு வளர்ற நோய் ஐயா. அந்த ஹார்மோனை நிறுத்திட்டா பட்டினி கிடந்து சுருங்கிடும். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி. தவறாம போட்டுக்கிட்டா பல வருஷம் நல்லா இருக்கலாம்" என்றார் டாக்டர். "சில தொந்தரவு இருக்கும். திடீர் திடீர்னு உடம்பு கொதிக்கும். எலும்பு மெலியும். தசை குறையும்."

புற்றுநோய் என்ற சொல்லுக்குக் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த மனிதர், கடைசி வார்த்தைக்கு நிமிர்ந்தார்.

"ஏன் குறையணும்? நான் தினம் தூக்குறவன். சாப்பாடும் நல்லா சாப்பிடுவேன்."

டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். "தசைங்கிறது ஒரு தடவை கட்டிப் பூட்டிட்டுப் போற வீடு இல்லைங்க. தினம் கொஞ்சம் இடியுது, தினம் கொஞ்சம் கட்டுது. நீங்க சாப்பிடுற முட்டை, கறி எல்லாம் செங்கல். கட்டுறதுக்கு ஒவ்வொரு தசை நாருக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி மெஷின் எக்கச்சக்கமா இருக்கு, ரைபோசோம்னு பேரு. செங்கலைக் கோத்துப் புரதம் ஆக்குறது அதுதான். ஆண் ஹார்மோன் உள்ள போய் ஆர்டர் போடும். இன்னும் மெஷின் பண்ணு, வேகமா ஓட்டு, இடிக்கிறதைக் குறைன்னு. பக்கத்துல தூங்கிட்டு இருக்கிற செல்லையும் எழுப்பி வேலைக்குக் கூட்டிட்டு வரும். ஆர்டர் நின்னுட்டா மெஷினும் குறையும், இருக்கிறதும் மந்தமா ஓடும். இடிக்கிறவன் மட்டும் லீவு எடுக்க மாட்டான்."

ஜாக்கி தம் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அந்த ஆர்டரைச் சதைக்கு மட்டும் விட்டுட்டு, நோய்க்குப் போகாம பண்ண வழியில்லையாம்மா?"

"ரெண்டுக்கும் போறது ஒரே ரத்தம்தானே ஐயா" என்றார் டாக்டர். "ஆனா மெஷினை எழுப்ப இன்னொரு வழி இருக்கு. தசைக்கு முறையா பயிற்சி கொடுக்கிறது. முழுசா இல்லாட்டியும் பாதியாவது காப்பாத்தலாம். ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்குங்க. இனிமே கனம் தூக்கவே கூடாது. இடுப்பெலும்பு தாங்காது."

பயிற்சி கொடுக்கிற அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கிருந்த ஒல்லிப் பையன் ஜாக்கியின் கையில் ஒரு சிவப்பு ரப்பர் பட்டையைக் கொடுத்து, ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு மறு நுனியை மெதுவாக மேலே இழுக்கச் சொன்னான். பக்கத்து நாற்காலியில், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு வயதான அம்மாள் அதே சிவப்பு ரப்பரைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு. கூட்டாளி கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் ஜாக்கியைப் பார்த்துச் சிரித்தார். ஜாக்கி ரப்பரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அந்த அறைப் பக்கம் அவர் மறுபடி தலைவைத்துப் படுக்கவில்லை.

மறுநாள் வேலையில் ஒரு ஃபிரிட்ஜின் கதவு திறந்து திறந்து கொண்டது. ஜாக்கி அந்தச் சிவப்பு ரப்பரை எடுத்து அதைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"நல்ல ரப்பரா இருக்கே மாமா, எங்க வாங்கினீங்க?" என்றான் மச்சினன்.

"எங்கயோ கிடந்துச்சு. பேசாம பிடி."

வீட்டில், மூத்திரப் பையில் புண், ஊசி போட்டால் ஆறிவிடும் என்று சொன்னார். மனைவி நம்பினாள். அவள் ஒரு பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிறவள். நாள் முழுக்க அட்டையை மடித்து மடித்து விரல் நுனி தேய்ந்தவளுக்கு, புருஷன் ஆஸ்பத்திரிக்குத் தானாகப் போய் வந்ததே பெரிய விஷயமாக இருந்தது. உண்மையை அவர் ஏன் சொல்லவில்லை? புற்றுநோய் என்று சொல்வதில் அவருக்குத் தயக்கமில்லை. அதற்குப் போடுகிற ஊசி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டி வருமே, அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆம்பளைத்தனத்தை ஊசி போட்டு நிறுத்திவிட்டார்கள் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் மச்சினனிடம்? உயிர் போகிற விஷயத்தில் மானத்தைப் பார்த்தார் மனிதர். எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

ஊசி அதன் வேலையைச் செய்தது. வெட்டவெளியில் நிற்கும்போதே உடம்பு அடுப்பாகக் கொதித்து அடங்கியது. மார்பு கனத்து நொந்தது. புஜம் தளர்ந்தது. பீரோ தூக்குகிறவர்கள் தோளில் மாட்டிக்கொள்கிற அகலமான வார் ஒன்று உண்டு. ஜாக்கியின் வாரில் கொக்கி எப்போதும் கடைசித் துளையில்தான் நிற்கும். அது ஒவ்வொரு துளையாக உள்ளே வந்தது. கடைசியில் ஆணி வைத்துப் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. அதை யாரும் பார்க்காத நேரத்தில் போட்டுக்கொண்டார்.

அவர் சும்மா விட்டுவிடவில்லை. முட்டையாகத் தின்றார். காலையில் முட்டை, மத்தியானம் கறி, ராத்திரி மறுபடி முட்டை. "இந்த வயசுல என்னங்க இந்தப் பசி?" என்று மனைவி சிரித்துக்கொண்டே அவித்துப் போட்டாள். செங்கல் வந்து வந்து இறங்கியது. கட்டுவதற்கு ஆர்டர் போட ஆளில்லை. தின்றதெல்லாம் வயிற்றில் போய்த் தொங்கியது. கையும் காலும் சூம்ப, தொப்பை மட்டும் தளதளவென்று வளர்ந்தது. கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி வைத்த பீரோ ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது, மேல்மாடிக்கு அவரே கீழ்ப்பிடியில் ஏற்றியது. அதன் முன்னால் நின்று சட்டை போடுகிற வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். சட்டைக் கையும் இப்போது மணிக்கட்டு வரை இறங்கிவிட்டிருந்தது.

நடுப்படியில் முதல் "வை" ஒரு தையல் மெஷினுக்காக வந்தது. பீரோ இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, தையல் மெஷின்.

"சுவத்துல உரசுது, வை" என்றார் ஜாக்கி.

உரசவில்லை. மச்சினன் மேலேயிருந்து சுவரையும் பார்த்தான், மாமாவையும் பார்த்தான், வைத்தான். பிறகு "கை வழுக்குது, வை" வந்தது. "செருப்பு அறுந்துடுச்சு, வை" வந்தது. ஒரு நாள் நாலாவது "வை"க்குப் பிறகு மச்சினன் படியில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"மாமா, கொஞ்ச நாளைக்கு நான் கீழ வரேனே. நீங்க மேல பிடிங்க."

"என்னடா சொன்ன?"

"தப்பா எடுத்துக்காதீங்க. வயசாகுதுல்ல, எல்லாருக்கும் வர்றதுதானே."

"உனக்குப் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்டா. எனக்கு நீ கீழ நிக்கிறியா? அக்கா வீட்டுச் சோத்தைத் தின்னுட்டுக் குப்புறக் கிடந்த பய, நீ எனக்குச் சொல்றியா?"

வண்டி டிரைவர், வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டு ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். மச்சினன் முகம் செத்துப்போயிற்று. எழுந்து போய் மேல்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அடுத்த ஊசிக்கு ஜாக்கி போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது "வெளியூர்ல இருக்கேன்" என்றார். வலி இல்லை, சிறுநீர் சுலபமாகப் போகிறது, பிறகு எதற்கு ஊசி என்று தமக்குத் தாமே நியாயம் சொல்லிக்கொண்டார். சிறுநீர் சுலபமாகப் போனதே ஊசியால்தான் என்பதை அவருக்கு யார் சொல்வது? கூட இருந்து சொல்லக்கூடிய ஆட்கள் யாருக்கும் விஷயமே தெரியாது.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாதங்கள் போகப் போக, கொதிப்பு நின்றது. காலையில் எழும்போது உடம்பு தன்னுடையதாக இருந்தது. புஜத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினால் உள்ளேயிருந்து எதிர்த்தது. வாரின் கொக்கி பழையபடி வெளித்துளைகளை நோக்கி நகர ஆரம்பித்தது. ஆர்டர் வந்துவிட்டது! உள்ளே மெஷின்கள் ஓடுகின்றன, தூங்கினவன் எல்லாம் எழுந்து வேலைக்கு வந்துவிட்டான்! ஜாக்கி பீரோ கண்ணாடியின் முன்னால் நின்று சட்டைக் கையை மடித்தார். மனைவி பெட்டி மடிக்கக் கொண்டுவந்த அட்டைக் கட்டைப் பிடுங்கி ஒற்றைக் கையால் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். "ஐயோ, சின்னப் பிள்ளைதான்" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி நான் கிண்டல் செய்ய மாட்டேன். அது உண்மையான சந்தோஷம்.

பல அடுக்கு வீடு ஒன்றின் உச்சியிலிருந்து கனத்த இரும்பு பீரோ ஒன்றை அவர் ஒரு "வை"கூடச் சொல்லாமல், திருப்பங்களில்கூட நிறுத்தாமல் இறக்கினார். கீழே வந்ததும் மச்சினன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, மன்னிச்சுக்குங்க, நான்தான் என்னென்னவோ நினைச்சுட்டேன்" என்றான். ஜாக்கி பெரிய மனது பண்ணி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

ரத்தம் ஒன்றுதான் என்று டாக்டர் சொன்னது அவர் நினைவில் இருந்ததா என்று தெரியவில்லை. சதைக்கு வந்த ஆர்டர் இடுப்பெலும்புக்கும் வந்து சேர்ந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருந்ததும் பட்டினி கலைந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது. இடுப்பில் லேசாகக் குடைந்தது. குளிர் என்றார். பிறகு நொண்டினார். பழையபடி தூக்கியதால் வந்த சுளுக்கு என்றார். சுளுக்குக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் மனைவி.

அது ஒரு ஃபிரிட்ஜ். இரண்டாம் மாடி, குறுகலான படிக்கட்டு, நடுப்படி. ஜாக்கி குதிகாலால் அடுத்த படியைத் தேடினார், கால் கிடைத்தது, எடையை அதில் மாற்றினார். இடுப்பில் காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. வலி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. கையில் பலம் இருந்தது, தோளில் இருந்தது, முதுகில் இருந்தது. நிற்கக் கால் இல்லை. ஃபிரிட்ஜ் அவரைத் தள்ளிக்கொண்டு இறங்கியது.

அவர் "வை" என்று சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை. அவர் சொல்லாததால் மச்சினன் விடவில்லை. பாரம் இழுத்த இழுப்பில் நாலு படி சறுக்கி வந்து, சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் விரல்கள் நசுங்க, பிடித்தபடியே நின்றான். அவன் விட்டிருந்தால் ஜாக்கியின் நெஞ்சு கூழாகியிருக்கும். டிரைவர் ஓடிவந்து ஃபிரிட்ஜை இழுத்து எடுக்கும் வரை மச்சினன் மேலேயிருந்து "மாமா, சொல்லுங்க மாமா, வைக்கவா மாமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

எலும்பை ஆணியடித்துச் சேர்த்தார்கள். படத்தைப் பார்த்த அந்தப் பெண் டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஒரு இடத்தில் இருந்தது இப்போது பல இடத்தில் இருக்கிறது, ஊசியை மறுபடி ஆரம்பிக்கலாம், கூடவே மாத்திரையும் தரலாம், ஆனால் முன்பு சொன்ன "பல வருஷம்" என்ற வார்த்தையை இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

அவள் வந்து கட்டிலருகே நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"நான் கேட்டேனா?" என்றாள். "பீரோ தூக்குற ஆளு வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா? நீங்க மேல் மாடியில உட்கார்ந்து என்கூடப் பெட்டி மடிச்சா போதாதா எனக்கு? யாருக்காகங்க இந்த உடம்பு? சொல்லுங்க. யாருக்குக் காட்டுறதுக்கு?"

ஜாக்கி போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார்.

"தம்பி விரலு ரெண்டு இனிமே மடங்காதாம்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுதது அவருக்குக் கேட்டது.

மேல்மாடி வீடு இனி ஆகாது. பேக்கரிக்குப் பின்னால் தரைத்தளத்தில் ஒற்றை அறை ஒன்று கிடைத்தது. ஊசி மறுபடி ஏறி, இந்த முறை சதை கரைந்த வேகத்தில் பெண் டாக்டரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜாக்கி இப்போது சிவப்பு ரப்பரை இழுக்கிறார். மச்சினன்தான் வண்டியிலிருந்து தேடி எடுத்துவந்து கொடுத்தான். இரண்டு முறை இழுத்தால் மூன்றாவதுக்குக் கை நடுங்குகிறது. ஊன்றுகோல் அம்மாள் எவ்வளவோ தேவலை.

வீடு மாற்றுகிற அன்று அவரை மாடி வாசலில் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு முதலில் பீரோவை இறக்கினார்கள். கீழ்ப்பிடியில் மச்சினன், மேல்பிடியில் கூலிக்கு வந்த ஒருவன். மச்சினனின் மடங்காத இரண்டு விரலும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றன. ஜாக்கி மாடியிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வா... வா... வை." கொஞ்ச நேரம் கழித்து, "வா... வை." மூச்சு வாங்குவதுகூட மேலே கேட்டது. கண்ணாடி பீரோ கீழே போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு திருப்பத்திலும், நடுப்படியிலும் வைத்து வைத்துத்தான் எடுத்தார்கள். ஜாக்கிக்கு உள்ளூர ஒரு சிரிப்பு வந்தது. நம்மால்தான் அது ஆகும் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு அவர்கள் மேலே வந்தார்கள். மச்சினன் குனிந்து நாற்காலியின் முன்கால்களைப் பிடித்தான். கூலியாள் பின்னால் முதுகுச் சட்டத்தைப் பிடித்தான்.

"கெட்டியா பிடிச்சுக்குங்க மாமா" என்றான் மச்சினன்.

நாற்காலி எழுந்தது. ஜாக்கி இரண்டு கைப்பிடியையும் இறுக்கிக்கொண்டார். முதல் திருப்பம் வந்தது. இங்கே வைப்பான் என்று காலை ஊன்றத் தயாரானார். வைக்கவில்லை. இரண்டாவது திருப்பத்திலும் வைக்கவில்லை. மச்சினன் பின்புறமாக இறங்கிக்கொண்டே, மேலே இருந்தவனிடம் மத்தியானச் சாப்பாட்டை எங்கே வாங்கலாம் என்று பேசிக்கொண்டு வந்தான். அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"டேய் மாப்ள" என்றார் ஜாக்கி, "கொஞ்சம் வைடா."

"என்ன மாமா, வலிக்குதா?"

"இல்ல. உனக்குக் கனக்குமேன்னு..."

மச்சினன் அவரை நிமிர்ந்து பார்த்தான். சொல்ல வேண்டிய பொய் அவனுக்குச் சட்டென்று வரவில்லை. மனைவி முட்டைத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளும் நின்றுவிட்டாள்.

"கனக்குது மாமா" என்றான் கடைசியில். நாற்காலியைப் படியில் வைத்தான். மூச்சு வாங்குகிற மாதிரி இரண்டு முறை வாயால் ஊதினான். பிறகு ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறு கையை எடுக்காமல் அப்படியே பிடித்தபடி நின்றான்.